சொந்த ஆடுகளம் இல்லாத அணி

பாடசாலை மலர்களின் விளையாட்டுப் பக்கங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிண்ணத்தை நடுவில் வைத்து, அதிபரையும் பொறுப்பாசிரியரையும் கதிரைகளில் இருத்தி, பின்வரிசையில் அணியினரை நிறுத்தி எடுத்த படம் வரும். அதன் கீழே வென்ற ஆண்டும் சுற்றுப்போட்டியின் பெயரும் இருக்கும். வெல்லாத ஆண்டுகளுக்குப் படம் இல்லை. ஆனால் அந்த ஆண்டுகளிலும் அணி இருந்தது, பயிற்சி நடந்தது. அதிகாலையில் பஸ் ஏறி வெளியூர் போய், தோற்று, இருட்டிய பின் வீடு திரும்பிய பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி மலர்கள் அதிகம் பேசுவதில்லை.

பெண்கள் விளையாட்டின் வரலாற்றை எழுத வருபவருக்கு இந்த வழக்கம் போதாது. ஆண்கள் கல்லூரி அணிக்கு வெளியூர்ப் போட்டி சாதாரண விடயமாக இருந்த காலத்தில், பெண்கள் அணிக்கு அது பெரிய காரியமாக இருந்தது. யார் அனுமதி தருவது, யார் கூடப் போவது, யார் செலவைக் கொடுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின்னர்தான் பந்து கைக்கு வந்தது. ஆகவே ஓர் அணி எத்தனை கிண்ணம் வென்றது என்பதோடு, அது தன் படலையைத் தாண்டி எவ்வளவு தூரம் போனது, எப்படிப் போனது என்பதையும் எழுத வேண்டும். கிண்ணத்துக்கு வழி திறந்தது அந்தப் பயணம்தான்.

இதை விளக்குவதற்கு ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருந்த ஒரு சிறிய கத்தோலிக்க மகளிர் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணியை எடுத்துக்கொள்கிறேன். இமாக்குலாட்டா கல்லூரி என்பது அதன் பெயர். 1972ஆம் ஆண்டு அந்த அணி மேற்கொண்ட ஒரு பயணம் அமெரிக்கப் பெண்கள் விளையாட்டின் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அதற்குச் சற்று முன்னர் அது பெற்ற ஒரு படுதோல்வியும் அதே அளவுக்கு நினைவில் வைக்கத்தக்கது. கூடைப்பந்தாட்டத்தின் கதை எமக்கு அந்நியமானதும் அல்ல. எம்மில் பலர் பாவாடை மடிப்புக் கலையாமல் ஆட முயன்று தோற்ற வலைப்பந்தாட்டம் அந்த விளையாட்டின் தங்கைதான்.

கதவை மூடிக்கொண்டு ஆடிய ஆட்டம்

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பரில் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரால் உருவாக்கப்பட்டது. பனிக்காலத்தில் இளைஞர்கள் மண்டபத்துக்குள் ஆடுவதற்கென்றே அவர் அதை அமைத்தார். அடுத்த ஆண்டிலேயே, அங்கிருந்து அதிக தூரமில்லாத ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்பயிற்சி கற்பித்த செண்டா பெரன்சன் அதைத் தமது மாணவிகளுக்கு அறிமுகப்படுத்தினார். 1893 மார்ச்சில் அக்கல்லூரியின் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவிகள் ஒருவரோடொருவர் மோதினர். அந்த ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. கதவு பூட்டப்பட்டிருந்தது.

பெரன்சன் விதிகளையும் மாற்றினார். ஆடுகளம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. தனக்குரிய பிரிவை விட்டு ஒருத்தி வெளியே ஓட முடியாது. அடுத்தவள் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருக்கவும் கூடாது. பெண்கள் உடல் களைத்துவிடும், முரட்டுத்தனம் பழகிவிடும் என்ற அன்றைய அச்சத்துக்கு அவர் சொன்ன சமாதானம் இது. அந்தச் சமாதானம் இல்லாதிருந்தால் பெண்கள் ஆட அனுமதியே கிடைத்திராது.

கல்லூரிக்கு உள்ளே ஆடுவது ஒன்று. இன்னொரு கல்லூரியைச் சந்திப்பது வேறு. 1896 ஏப்ரல் 4ஆம் திகதி ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவிகளும் பேர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவிகளும் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு மண்டபத்தில் ஆடினர். பெண்கள் அணிகள் கல்லூரிகளுக்கிடையே மோதிய மிகப் பழைய போட்டிகளில் ஒன்று அது. அணிக்கு ஒன்பது பேர். பார்வையாளர்கள் 500 பேருக்கு மேல்; எல்லோரும் பெண்கள். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஸ்டான்போர்ட் வென்றது. முழு ஆட்டத்திலும் விழுந்தது மூன்றே புள்ளிகள் என்றாலும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அந்தப் புகழே பிறகு பாதகமாகியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1899இல், பெண்கள் அணிகள் வெளிக் கல்லூரிகளோடு போட்டியிடுவதை ஸ்டான்போர்ட் நிர்வாகம் தடைசெய்தது. உடல்நலமும் வேண்டாத விளம்பரமும் காரணங்களாகக் காட்டப்பட்டன.

அந்தத் தடையின் மனப்பாங்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1923இல் அமெரிக்காவில் பெண்கள் விளையாட்டுக்குப் பொறுப்பான கல்வியாளர்கள் கூடிப் பயணம், பரிசு, கட்டணம் வாங்கி ஆட்டம் காட்டுதல் எல்லாவற்றுக்கும் எதிராக நிலைப்பாடு எடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களே என்பதையும் சொல்ல வேண்டும். திறமையான ஐந்தாறு பேருக்காக ஏனைய மாணவிகள் கைவிடப்படுவார்கள் என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. அதன் விளைவாகப் பல கல்லூரிகளில் ‘விளையாட்டு நாள்’ என்ற வழக்கம் வந்தது. பல கல்லூரி மாணவிகள் ஓரிடத்தில் கூடுவார்கள். எல்லோரையும் கலந்து புதிய அணிகள் பிரிப்பார்கள். ஆடிய பின் தேநீரும் பலகாரமும் கிடைக்கும். எந்தக் கல்லூரியும் வெல்லவில்லை, எந்தக் கல்லூரியும் தோற்கவில்லை. தம் கல்லூரியின் பெயரைச் சட்டையில் தாங்கி வெளியூர் போய்த் தோற்கும் உரிமை கூட அந்த மாணவிகளுக்கு இருக்கவில்லை.

எரிந்துபோன மண்டபம்

இமாக்குலாட்டா கல்லூரி பிலடெல்பியா நகருக்கு மேற்கே சுமார் 30 கிலோமீற்றர் தொலைவில் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. 1920இல் மாசற்ற இருதய சபை அருட்சகோதரிகளால் தொடங்கப்பட்டது. பிலடெல்பியாவைச் சூழ்ந்த பகுதியில் கத்தோலிக்கப் பெண்களுக்கென அமைந்த முதலாவது கல்லூரி அதுவே. அங்கு வந்தவர்களில் பலர் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகள். பிலடெல்பியாவின் கத்தோலிக்கப் பாடசாலைகளிலும் பங்குகளிலும் பெண்பிள்ளைகளின் கூடைப்பந்தாட்டம் முன்பிருந்தே செழித்திருந்தது. ஏனைய இடங்களில் விளையாட்டு நாள் தேநீரோடு முடிந்த காலத்தில், அந்தப் பங்குகளில் பெண்பிள்ளைகள் புள்ளிக்காக ஆடினார்கள். அந்தப் பழக்கத்தோடு அவர்கள் கல்லூரிக்கு வந்தார்கள்.

1967இல் கல்லூரியின் விளையாட்டு மண்டபம் தீயில் எரிந்துபோனது. புதியது கட்டப் பணம் இல்லை. அதன் பின் கூடைப்பந்தாட்ட அணிக்குச் சொந்த ஆடுகளம் இல்லாது போயிற்று. பயிற்சிக்கு, அருட்சகோதரிகளின் தாய்மடத்தின் நிலக்கீழ் மண்டபத்தைத் தந்தார்கள். போட்டிகளுக்கு வேறிடம் தேட வேண்டும். மற்ற அணிகளுக்குப் பாதி ஆட்டங்கள் வெளியிடத்தில் நடக்கும். இந்த அணிக்கு ஒவ்வோர் ஆட்டமும் வெளியிடம்தான்.

1970இல் கேத்தி ரஷ் என்ற இளம் ஆசிரியை பயிற்றுநராக வந்தார். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். ஆண்டொன்றுக்கு அவருக்குக் கிடைத்த கொடுப்பனவு 450 டொலர். உதவிப் பயிற்றுநர் இல்லை, புலமைப்பரிசில் இல்லை. அணியின் உடையோ முழங்காலளவு கனத்த துணியில் தைத்த, இடுப்பில் பட்டி கட்டும் சட்டை. அதை அணிந்துகொண்டு ஓடுவது எப்படியிருந்திருக்கும் என்பதை எமது பழைய விளையாட்டுச் சீருடையை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ரஷ் அந்த மாணவிகளை இரக்கத்தோடு நடத்தவில்லை. ஆண்கள் அணிகள் கற்ற தாக்குதல் முறைகளையும் முழு ஆடுகளத் தடுப்பையும் கற்பித்தார். காலமும் அவருக்குச் சாதகமாக இருந்தது. அதுவரை கல்லூரிப் பெண்கள் அணிக்கு ஆறு பேர் கொண்டு, ஆடுகளத்தைப் பிரித்து ஆடும் முறை வழக்கில் இருந்தது. 1971-72 பருவத்திலிருந்து ஐந்து பேர் முழு ஆடுகளத்திலும் ஓடி ஆடும் விதி நிலைபெற்றது. பெரன்சன் போட்ட கோடு அழிய ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் எடுத்தன.

அணியின் தூண் தெரேசா ஷாங்க். உயரமானவர், அமைதியானவர். வேறொரு கல்லூரிக்குப் போக எண்ணியிருந்தவரின் குடும்ப வீடு தீப்பிடித்து அழிந்தது. வீட்டாரோடு இருந்தபடியே படிக்கக்கூடிய இடம் என்பதால் இமாக்குலாட்டாவுக்கு வந்தார். மண்டபத்தைத் தீயில் இழந்த கல்லூரிக்கு, வீட்டைத் தீயில் இழந்த மாணவி கிடைத்தார்.

32 புள்ளித் தோல்வி

இமாக்குலாட்டாவிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீற்றர் தொலைவில் வெஸ்ட் செஸ்டர் அரச கல்லூரி இருந்தது. உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவதில் பெயர்பெற்ற இடம். அங்கே கரோல் எக்மன் என்ற பயிற்றுநர் 1969இல் ஒரு துணிச்சலான காரியம் செய்திருந்தார். நாடெங்குமிருந்து 16 பெண்கள் அணிகளை அழைத்துத் தமது கல்லூரியில் ஒரு தேசிய சுற்றுப்போட்டியை நடத்தினார். கல்லூரிப் பெண்களுக்கு அப்படியொன்று அதற்கு முன் இருக்கவில்லை. அந்த முதற் போட்டியில் அவரது அணியே வென்றது.

1972இல் அந்தத் தேசிய சுற்றுப்போட்டி, புதிதாக உருவான பெண்கள் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் பொறுப்பில் வந்தது. அதற்குத் தெரிவாவதற்குப் பிராந்தியப் போட்டியில் ஆட வேண்டும். எமது பிள்ளைகள் கோட்டம், வலயம், மாகாணம் என்று படியேறுவதைப் போன்ற ஏற்பாடு அது. அந்தப் பருவம் முழுவதும் தோல்வியறியாது வந்த இமாக்குலாட்டா, பிராந்திய இறுதி ஆட்டத்தில் வெஸ்ட் செஸ்டரைச் சந்தித்தது. முடிவு 70க்கு 38. வித்தியாசம் 32 புள்ளிகள்.

கூடைப்பந்தாட்டத்தில் 32 புள்ளி என்பது அதிர்ஷ்டக் குறைவால் வரும் வித்தியாசம் அல்ல. நடுவரையும் பழி சொல்ல முடியாது. அன்று அந்த அணி எல்லா வகையிலும் தோற்றது. அதுவும் அயற் கல்லூரியிடம். எந்த ஊரிலும் அயலவரிடம் தோற்பதுதான் அதிகம் உறைக்கும். மறுநாள் சந்தையிலும் பஸ்ஸிலும் கோவிலிலும் அவர்களைத்தானே காண வேண்டும்.

ஆனாலும் பிராந்தியத்தில் இரண்டாமிடம் பெற்ற அணிக்கும் தேசிய சுற்றுப்போட்டிக்கு அழைப்பு வந்தது. 16 அணிகளின் தரவரிசையில் இமாக்குலாட்டாவுக்குக் கிடைத்தது 15ஆம் இடம். போட்டி நடந்த இடம் இலினோய் மாநிலத்தில் உள்ள நோர்மல் என்ற நகரம். பென்சில்வேனியாவிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல்.

எட்டுப் பேரின் பயணம்

இப்போது பழைய கேள்வி திரும்பி வந்தது: செலவை யார் கொடுப்பது? கல்லூரியிடம் அதற்கென ஒதுக்கிய பணம் இல்லை. மாணவிகள் பற்தூரிகை விற்றார்கள். தெரிந்தவர்களிடம் நன்கொடை கேட்டார்கள். எவ்வளவோ முயன்றும் அணியிலிருந்த 11 பேருக்கும் பணம் போதவில்லை. எட்டுப் பேர் போனார்கள், மூவர் நின்றார்கள்.

அந்த மூவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களும் அந்த நிலக்கீழ் மண்டபத்தில் ஒவ்வொரு நாளும் ஓடியவர்கள். அவர்களும் பற்தூரிகை விற்றிருப்பார்கள். திறமைக் குறைவுக்காகத் தகுதிச் சுற்றில் நீக்கப்பட்டிருந்தால் அது விளையாட்டின் நியதி. விமானச்சீட்டின் விலைக்காக நிற்க வேண்டி வந்தது வேறு கணக்கு. பெண்கள் விளையாட்டில் இந்தக் கணக்கு எத்தனையோ பேரை நிறுத்தியிருக்கிறது.

போன எட்டுப் பேரும் உறுதியான ஆசனம் இல்லாத சீட்டில் பயணம் செய்தார்கள். இடம் காலியாக இருந்தால் ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். தங்குமிடத்தில் ஓர் அறையில் பலர் நெருக்கியடித்துப் படுத்தார்கள். ஆளுக்கு ஒரே ஒரு சீருடை. ஆட்டம் முடிந்ததும் குளியலறைத் தொட்டியில் கழுவிக் காயப்போட்டு மறுநாள் போட்டார்கள்.

மார்ச் 16 முதல் 19 வரை நான்கு நாள்களில் நான்கு ஆட்டங்கள். முதலில் தென் டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தை 60க்கு 47 என வென்றார்கள். அடுத்து இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகம், 49க்கு 47. இரண்டே புள்ளிகள், ஒரே ஒரு கூடை. அரையிறுதியில் எதிரே நின்றது மிசிசிப்பி மாநில மகளிர் கல்லூரி, முந்தைய ஆண்டின் தேசிய வெற்றியாளர். 46க்கு 43. எட்டுப் பேர்தான் என்பதால் மாற்றி ஆட ஆள் குறைவு. களைத்தவர்களே திரும்பவும் களமிறங்கினார்கள்.

இறுதியாட்டத்தில் எதிரணி வெஸ்ட் செஸ்டர். ஆயிரம் கிலோமீற்றர் பறந்து வந்தும் எதிரே நின்றது அயல்வீட்டுக்காரர்தான். சில நாள்களுக்கு முன் 32 புள்ளியால் தோற்கடித்தவர்கள். இந்த முறை இமாக்குலாட்டா 52, வெஸ்ட் செஸ்டர் 48. அந்த 52இல் சரிபாதியான 26 புள்ளிகள் தெரேசா ஷாங்க் போட்டவை. 15ஆம் இடத்தில் வைக்கப்பட்ட அணி சங்கத்தின் முதலாவது தேசிய வெற்றியாளராகியது. திரும்பும்போது முதல் வகுப்பில் பறந்தார்கள் என்பதும், பிலடெல்பியா விமான நிலையத்தில் அவர்களை வரவேற்கப் பெருங்கூட்டம் திரண்டிருந்தது என்பதும் வரலாற்றில் பதிவாகியுள்ளன.

இந்த இடத்தில் தோற்றவர்களுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். இமாக்குலாட்டா வென்ற அந்த மேடையை அமைத்தது வெஸ்ட் செஸ்டர் கல்லூரி. எக்மன் 1969இல் அந்த அழைப்பை அனுப்பியிராவிட்டால் 1972இல் வெல்வதற்கு ஒரு போட்டியே இருந்திராது. வழியைத் திறந்தவரே அந்த வழியில் வந்தவரிடம் தோற்றார். பெண்கள் கல்வியின் வரலாற்றிலும் இதைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம்: முதலில் படலையைத் திறந்தவர்களை அல்ல, அதன் வழியே ஓடிவந்தவர்களையே உலகம் கொண்டாடுகிறது.

சட்டம் தந்ததும் எடுத்ததும்

அந்த வெற்றிக்கு மூன்று மாதங்களுக்குப் பின், 1972 ஜூன் 23ஆம் திகதி, அமெரிக்காவில் ஒரு கல்விச் சட்டம் கையொப்பமானது. அதன் ஒன்பதாம் பிரிவு, அரச பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் வேறுபாட்டால் எவரையும் ஒதுக்கக் கூடாது என்றது. விளையாட்டு என்ற சொல் அதில் இல்லை. எனினும் அதன் பயன் விளையாட்டில்தான் மிகப் பெரிதாக வெளிப்பட்டது. பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளுக்குப் பணமும் மண்டபமும் பயிற்றுநரும் கொடுக்க வேண்டியதாயிற்று.

இமாக்குலாட்டா 1973இலும் 1974இலும் தேசிய வெற்றியைத் தக்கவைத்தது. அருட்சகோதரிகள் வாளிகளைத் தட்டி ஆரவாரம் செய்து அணியை ஊக்குவித்த காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. 1975 ஜனவரியில் மேரிலண்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அதன் மண்டபத்திலேயே 80க்கு 48 என வென்றார்கள். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதலாவது பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் அது. அடுத்த மாதம் நியூயோர்க்கின் மடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் குயின்ஸ் கல்லூரியை 65க்கு 61 என வென்றபோது பார்த்தவர்கள் சுமார் 12,000 பேர். 1896இல் கதவைப் பூட்டி ஆடியவர்களின் பேத்திகள் காலம் அது.

அதன் பிறகு அலை திரும்பியது. பெரிய பல்கலைக்கழகங்கள் திறமையான மாணவிகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கத் தொடங்கின. குன்றின் மேலிருந்த சிறிய கல்லூரியால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1975இலும் 1976இலும் இறுதியாட்டத்தில் டெல்டா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. 1977இல் ரஷ் விலகினார். எந்த உரிமை கிடைக்க வேண்டும் என்று அந்த எட்டுப் பேரின் பயணம் உலகுக்குக் காட்டியதோ, அதே உரிமை கிடைத்ததும் அவர்களது கல்லூரி பின்வரிசைக்குப் போனது.

ஆனால் அங்கு ஆடியவர்கள் பின்வரிசைக்குப் போகவில்லை. தெரேசா ஷாங்க் தெரேசா கிரென்ட்ஸ் என்ற பெயரில் பயிற்றுநராகி, ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணியை 1982இல் தேசிய வெற்றிக்கு இட்டுச் சென்றார். 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணியின் பயிற்றுநரும் அவரே. அவருடன் ஆடிய மரியான் ஸ்டான்லி ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழக அணியோடு மூன்று தேசிய வெற்றிகள் பெற்றார். நிலக்கீழ் மண்டபத்தில் கற்றதை அவர்கள் பெரிய மண்டபங்களில் கற்பித்தார்கள்.

கல்லூரி இன்று பல்கலைக்கழகமாகி, 2005 முதல் ஆண்களையும் சேர்க்கிறது. அதன் பெண்கள் அணி இப்போது மூன்றாம் பிரிவில், அயலிலுள்ள சிறிய கல்லூரிகள் சேர்ந்த ஒரு லீக்கில் ஆடுகிறது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென எந்தப் புலமைப்பரிசிலும் இல்லை. வகுப்பு முடிந்து பஸ் ஏறி, குளிர்கால இரவில் இன்னொரு சிறிய கல்லூரியின் மண்டபத்துக்குப் போய், நாற்பது நிமிடம் ஆடி, நள்ளிரவில் திரும்பி, மறுநாள் காலை விரிவுரைக்கு வரும் மாணவிகளே அந்தப் பிரிவு முழுவதும். லீக் ஒன்றின் கணக்கும் எளியது: எல்லா அணிகளின் வெற்றிகளையும் கூட்டினால் வரும் தொகையே எல்லா அணிகளின் தோல்விகளையும் கூட்டினாலும் வரும். ஒருத்தி தோற்க வராவிட்டால் இன்னொருத்தி வெல்ல முடியாது. அட்டவணையின் அடியிலிருக்கும் அணி, தோற்போம் என்று தெரிந்தும் சரியான நேரத்துக்கு வெளியூர் மண்டபத்தில் போய் நிற்கிறது. லீக்கைத் தாங்கி நிற்பது அந்தச் சொல் தவறாமைதான்.

எமது பந்தும் எமது வீதிகளும்

கூடைப்பந்தாட்டம் 1890களில் இங்கிலாந்தின் பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரிக்குச் சென்று, அங்கே சிறிது சிறிதாக மாறி, 1901இல் தனி விதிகளோடு வலைப்பந்தாட்டமாக வடிவம் பெற்றது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது நின்றது. மூன்று பிரிவு ஆடுகளமும் மூன்று விநாடி விதியும் இன்றும் அதில் இருக்கின்றன. பெரன்சனின் மாணவிகள் வந்து பார்த்தால் தமக்குப் பழக்கமான ஆட்டம் என்றே நினைப்பார்கள். பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் அது எமது தீவின் பெண்கள் பாடசாலைகளுக்கு வந்தது. 1960இல் பல நாடுகளின் பிரதிநிதிகள் இலங்கையில் கூடியே அதற்கான சர்வதேச சம்மேளனத்தையும் பொது விதிகளையும் அமைத்தார்கள். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் நடந்த முதலாவது உலகச் சுற்றுப்போட்டியில் ஆடிய 11 அணிகளில் எமது நாடும் ஒன்று.

எமது பிள்ளைகளின் வெளியூர்ப் போட்டிக்கு இன்னொரு தடையும் இருந்தது. 1990இல் யாழ்தேவி நின்றது. ஏ-9 வீதி மூடப்பட்டது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் வடக்கிலிருந்து தெற்கே போவதென்றால் அனுமதிப் பத்திரம், கிளாலிக் கடல்நீரேரியில் இரவுப் படகு, பிற்காலத்தில் திருகோணமலைக்குக் கப்பல் என்று ஆயிற்று. மகப்பேற்றுக்கும் சத்திரசிகிச்சைக்கும் போகவே வழி தேடிய காலத்தில் வலைப்பந்தாட்டத்துக்குப் பிள்ளையை யார் அனுப்புவார்? 2002இல் திறந்த வீதி 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடி, 2009இல்தான் திறந்தது. புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கு வர 2014 ஆகியது. அந்த ஆண்டுகளில் படித்த ஒரு தலைமுறைக்கு வெளியூர்ப் போட்டி என்பதே சொற்பம். அவர்கள் தோற்கவும் இல்லை, வெல்லவும் இல்லை; போகவே முடியவில்லை.

அந்தத் தலைமுறையிலிருந்தும் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் கோல் எறிபவராக உயர்ந்து, 2009, 2018, 2022 ஆண்டுகளில் ஆசியக் கிண்ணம் வென்ற அணிகளில் ஆடினார். அவரது உயரத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் கடந்துவந்த தூரத்தையும் எழுத வேண்டும்.

பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள்

இமாக்குலாட்டாவின் கதை எமக்குத் தெரிவதற்குக் காரணம் அவர்கள் வென்றது மட்டுமல்ல. அங்கிருந்தவர்கள் எழுதி வைத்ததும், படங்களைப் பாதுகாத்ததும், பழைய மாணவிகள் ஒருவரையொருவர் விட்டுவிடாததுமே. 70க்கு 38 என்ற தோல்வியையும் அவர்கள் அழித்துவிடவில்லை. அது இருப்பதால்தான் 52க்கு 48 என்பதன் பெறுமதி எமக்கு விளங்குகிறது.

எமது கல்லூரியின் நூறு ஆண்டுகளிலும் அப்படியான அணிகள் இருந்திருக்கின்றன. கிண்ணம் இல்லாததால் படம் எடுக்கப்படாத அணிகள் அவை. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ மெல்பேணிலோ கொழும்பிலோ ஊரிலோ, நீங்கள் எங்கிருந்தாலும், அப்படியோர் அணியில் ஆடியிருந்தால் அந்த விவரத்தை எழுதி அனுப்புங்கள். ஆண்டு, எதிரணி, போன இடம், போன வாகனம், கூட வந்த ஆசிரியை, புள்ளி நினைவிருந்தால் புள்ளி. யார் யார் ஆடினார்கள் என்பதோடு, யார் யார் வர முடியாமல் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள்.

இன்னொன்று பணத்தைப் பற்றியது. பழைய மாணவிகள் சங்கங்கள் கட்டடத்துக்கும் கணினிக்கும் தாராளமாகக் கொடுத்திருக்கின்றன. அவற்றில் பெயர்ப்பலகை பதிக்கலாம். பஸ் வாடகையில் பெயர்ப்பலகை பதிக்க முடியாது. ஆனால் வலய மட்டப் போட்டியில் தப்பிப் பிழைத்து மாகாண மட்டத்துக்குத் தெரிவான பிள்ளைகளுக்கு அடுத்த கிழமையே தேவைப்படுவது பஸ் வாடகையும் இரண்டு நாள் சாப்பாடும் தங்குமிடமும்தான். இனி எமது கல்லூரியிலிருந்து போகும் எந்த அணியும், வெல்லும் அணியோ தோற்கும் அணியோ, பதினொருவரில் மூவரை விட்டுவிட்டுப் போகக் கூடாது. நூற்றாண்டுக்கு நாம் செய்யக்கூடிய காரியங்களில் இதையும் ஒன்றாக எழுதிக்கொள்வோம்.